முப்பத்தெட்டாவது விளக்கு

நவம்பர் இருபத்தொன்பது, ஞாயிறு.
தார்ட்டுவில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில்
ஏழேழு மின்மெழுகுவத்திகள்,
கூரை போல ஏறி இறங்கி.

கணக்குப் பயிற்சி நூலை இங்கேயே விட்டுப் போய்விட்டான் யோசெப்.
கறுப்பு ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே கிடந்தது.
எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று
ஊர்மாஸ் செய்தி அனுப்பியிருக்கிறான்.
முற்றுப்புள்ளிகூட வைத்திருக்கிறான்.

மூன்றாம் வகுப்பு. பக்கம் நாற்பத்தொன்று.
"லீனு ஜன்னலில் விளக்குச்சரம் கட்டுகிறாள்.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு, நீலம், நீலம்.
பிறகு மறுபடியும் அதே வரிசை.
முப்பத்தெட்டாவது விளக்கின் நிறம் என்ன?"

அந்த வயதில் நானாக இருந்தால்
முப்பத்தெட்டையும் வரைந்திருப்பேன்,
சிவப்புப் பென்சில் கட்டையாகும் வரை.
இவன் ஒன்றுகூட வரையவில்லை.
38 ÷ 5. ஈவு 7. மீதி 3.
விடைக்கோட்டில் முதலில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறான்.
அழிப்பான் தேய்த்த சாம்பல் தடத்தில் இன்னும் படிக்க முடிகிறது.
அதன் மேல், அழுத்தி, 'சிவப்பு'.

மற்றவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது
இவன் கைதான் முதலில் உயர்ந்ததாம்.
ஆசிரியை க்யூல்லி பச்சை மையில் வியந்திருக்கிறாள்:
"எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிட்டாய்!"
பிடிக்காமல் என்ன செய்வான்.
இரண்டு வருடமாய் அந்தச் சரத்தில்தானே தூங்கி எழுகிறான்.
மூன்று இரவு தாஹே தெருவில்,
இரண்டு இரவு ஆற்றுக்கு அப்பால் அன்னெலின்னில்.
பல்துலக்கி இரண்டு, வீட்டுச் செருப்பு இரண்டு ஜோடி,
பனிச்சறுக்குக் காலணி மட்டும் ஒரே ஜோடி;
அது எப்போதும்
மற்ற வீட்டில்தான் இருக்கும்.

ஓரத்தில், யாரும் கேட்காத கணக்குகள்.
டிசம்பர் 1 என்றால் 1.
ஜனவரி 7 என்றால் 38.
ஏப்ரல் 14 என்றால் 135. மீதி 0.
மீதி இல்லாவிட்டால் கடைசி நீலம்.
ஏப்ரல் பதினாலு அவன் பிறந்தநாள்.

நான் பிழை தேடினேன்.
விரல் முட்டிகளின் மேட்டிலும் பள்ளத்திலும்
மாதங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
டிசம்பர் முப்பத்தொன்று. ஜனவரி முப்பத்தொன்று.
பிப்ரவரி இருபத்தெட்டு.
சரியாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போன கணக்கு.
பிப்ரவரி ஒரே ஒரு நாள் இரங்கினால் போதும்,
நூற்று முப்பத்தாறு, மீதி ஒன்று,
கேக் என் அடுப்பில் வேகும்.

பக்கத்தின் அடியில்:
365 ÷ 5 = 73. மீதி 0.
அம்மா 219. அப்பா 146.
வக்கீல் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து
ஒன்பது மாதம் நாங்கள் போட்ட கணக்கு.
இரண்டு வரியில் முடித்துவிட்டான்.
ஒரு முழு வருடம் துண்டுதுண்டாய் வகுபட்டு,
பொடிகூட மிஞ்சாமல்.

அதற்கும் கீழே,
தையல் மடிப்புக்குள் பாதி ஒளிந்து, சின்னதாய்:
லீப் வருடம் 366. மீதி 1.
எதிரே எங்கள் இருவர் பெயரும் இல்லை.
'எனக்கு.'

வரிசைப்படி பார்த்தால் அது சிவப்பு.
என் நாள்.
நிரூபித்துக் காட்டலாம், பென்சிலும் கையில்தான் இருந்தது.

அழைப்பு மணி.
ஊர்மாஸின் தொப்பியில் பனி.
உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.
நூலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
"சரியாகப் போட்டிருக்கிறானா?" என்றான்.
"நாற்பத்தொன்றாம் பக்கம்" என்றேன்.
"அடிவரைக்கும் பார்."

கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.
மாடிப்படியின் தானியங்கி விளக்கு
அணைந்தது, மறுபடி எரிந்தது.
காலடிச் சத்தம் இன்னும்
கீழே இறங்கத் தொடங்கவில்லை.